ஏஐ நோட்ஸ் ஆப் எது நல்லது? உங்கள் பாடத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள்

இன்டர்னல் தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் என் ஜெராக்ஸ் கடையில் நிற்க இடம் இருக்காது. முன்பெல்லாம் யாரோ ஒரு சீனியர் அக்காவின் கையெழுத்து நோட்டு வரும். அதையே நாற்பது பேருக்கு நகல் எடுத்துக் கொடுப்பேன். இப்போது ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்புகிறார்கள். ஒரே பாடம், ஒரே யூனிட், நாற்பது விதமான ஏஐ சுருக்கம். போன செமஸ்டரில் நர்சிங் முதலாண்டு மாணவி ஒருத்தி தன் போனைத் திறந்து காட்டினாள். நோட்ஸ் எடுக்க, படிக்க என்று ஆறு ஆப் இருந்தன. "எல்லாத்தையும் போட்டுட்டேன் அண்ணா. படிக்கத்தான் இல்ல" என்றாள்.

கூட்டம் குறைந்த ஒரு மதியம் உட்கார்ந்து அந்த ஆறை இரண்டாக்கினோம். அதை எப்படிச் செய்தோமோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். "சிறந்த பத்து ஆப்கள்" பட்டியலை எதிர்பார்க்க வேண்டாம். அப்படிப் பட்டியல்கள் ஆறு மாதத்தில் பழசாகிவிடும். எந்த ஆப் வந்தாலும் நீங்களே சோதித்துப் பார்க்கும் வழி பழசாகாது.

முதலில், மதிப்பெண் போனது எங்கே?

மெடிக்கல் ஷாப்பில் போய் "மாத்திரை குடுங்க" என்று மட்டும் கேட்டால் என்ன தருவார்கள்? "நோட்ஸ் ஆப் வேண்டும்" என்பதும் அப்படித்தான். இந்த ஆப்கள் செய்வது நான்கு தனித்தனி வேலைகள். வகுப்பில் பேசுவதைக் கேட்டு எழுத்தாக்குவது ஒன்று. புத்தகத்தையும் பிடிஎஃப்பையும் வாசித்து, அதிலிருந்து பதில் சொல்வது இன்னொன்று. புரியாததை விளக்குவது மூன்றாவது. படித்தது மறக்காமல் பார்த்துக்கொள்வது நான்காவது. நான்கையும் செய்வதாக எல்லா ஆப்பும் சொல்லும். உருப்படியாகச் செய்வது பெரும்பாலும் ஒன்றைத்தான்.

போன தேர்வின் விடைத்தாளை எடுத்து வையுங்கள். மதிப்பெண் குறைந்த ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். நோட்டிலேயே அது இல்லையா? நோட்டில் இருந்தும் புரியவில்லையா? புரிந்திருந்தும் தேர்வு அறையில் ஞாபகம் வரவில்லையா? அந்த மாணவி எண்ணிப் பார்த்தபோது பாதிக்கு மேல் மூன்றாவது வகை. அவள் போட்டிருந்த ஆறு ஆப்பில் நான்கு சுருக்கம் எழுதித் தருபவை. ஞாபகத்துக்கு ஒன்றுகூட இல்லை.

வகுப்பைப் பதிவு செய்வதானால்

ஆசிரியரிடம் கேட்காமல் ரெக்கார்டரை அழுத்த வேண்டாம். "மேடம், என் படிப்புக்கு மட்டும் ரெக்கார்ட் பண்ணிக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் பலர் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அனுமதி கிடைத்ததும் ஐந்தே நிமிடம் பதிவு செய்து பாருங்கள். நம் கல்லூரிகளில் வகுப்பு நடப்பது ஆங்கிலத்திலும் அல்ல, தமிழிலும் அல்ல. இரண்டும் கலந்த ஒன்றில். ஓட்டர் போன்ற பெயர் பெற்ற ஆப்கள் ஆங்கிலத்தில் நடக்கும் மீட்டிங்குகளை மனதில் வைத்து வளர்ந்தவை. தமிழ் கலந்த வகுப்புக்கு அவை தோது இல்லை. 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் என்ற மென்பொருளுக்குத் தமிழும் தெரியும். அதன் மேல் கட்டிய ஆப்கள் நிறைய இருக்கின்றன. ஆனாலும் கலப்புப் பேச்சு என்றால் தடுமாறும்.

நாங்கள் பார்த்தது இது. இதயம் பற்றிய பாடம். மேடம் சொன்னது: "இப்ப லெஃப்ட் வென்ட்ரிக்கிள் என்ன பண்ணும்னா, நல்லா அழுத்தி பிளட்டை அயோர்டாவுக்குத் தள்ளும்." ஆங்கிலத்துக்கு வைத்திருந்த ஆப், "என்ன பண்ணும்னா" வந்த இடத்தில் பனாமா நாட்டைக் கொண்டுவந்து வைத்தது. சரி என்று தமிழுக்கு மாற்றினோம். "லெப்ட் வென்று கிள்ளு" என்று எழுதியது. சிரித்து முடித்தபின் யோசித்தால், இதை அப்படியே சுருக்கச் சொன்னால் அந்த ஏஐ பனாமாவுக்கும் சேர்த்து ஒரு விளக்கம் எழுதியிருக்கும்.

இன்னொரு கோளாறு கண்ணுக்குத் தெரியாதது. மேடம் போர்டில் படம் வரைந்துகொண்டு பேசாமல் இருக்கும் நேரத்தில், சொல்லாத வாக்கியம் எழுத்தில் முளைக்கும். விஸ்பர் வகைக்கு இது தெரிந்த குணம்: அமைதியான இடத்தைத் தானாக நிரப்பப் பார்க்கும். ஆகவே ஐந்து நிமிடத்தையும் மறுபடி கேட்டுக்கொண்டே எழுத்தோடு ஒப்பிடுங்கள். எண்களை மட்டும் தனியாகப் பாருங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் இடம் மாறுவது அதிகம். முதல் பெஞ்சில், மின்விசிறிக்கு நேர் கீழே இல்லாத இடமாக உட்காருங்கள். காசு கொடுத்து வாங்கும் ஆப்பைவிட அது அதிகம் உதவும். ஒரு மணி நேரப் பதிவு போனில் 30 முதல் 60 எம்பி வரை பிடிக்கும். வாரக் கடைசியில் அழித்துவிடுங்கள்.

ஐந்து நிமிடத்தில் பத்துப் பதினைந்து பிழை என்றால் எழுத்தாக்கும் ஆப் உங்கள் வகுப்புக்கு ஒத்துவராது. பதிவை வைத்துக்கொண்டு, புரியாத இடத்தை மட்டும் திரும்பக் கேட்டுக் கையால் எழுதுங்கள். அந்த மாணவியும் அதைத்தான் செய்கிறாள்.

பிடிஎஃப்பை ஆப்புக்குப் படிக்கத் தெரிகிறதா?

இது என் தொழில் சம்பந்தப்பட்டது. கொஞ்சம் அதிகம் பேசுவேன்.

தமிழ் வழியில் படிக்கிறவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். பாட பிடிஎஃப்பைத் திறந்து ஒரு பத்தியைத் தேர்ந்து நகலெடுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்புங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து கொசகொசவென்று வந்தால், அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. திரையில் உங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கு உள்ளே அது தமிழே இல்லை. தமிழக அரசு 2010-இல் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறைக்கு, மாறச் சொன்னது. ஆனாலும் டைப்பிங் சென்டர்களில் பழைய பழக்கம் போகவில்லை. என் கடையிலேயே இரண்டும் ஓடுகிறது.

அப்படிப்பட்ட பிடிஎஃப்பைக் கொடுத்தால் சில ஆப்கள் "படிக்க முடியவில்லை" என்று நேர்மையாகச் சொல்லும். சில ஆப்கள் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தாமே எழுதும். படிக்க அழகாக இருக்கும், உங்கள் பாடத்தில் ஒரு வரிகூட அதில் இருக்காது. இதற்கு மாற்று வழி உண்டு. தேவையான பக்கங்களைப் படமாக எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். கணினியில் அந்தக் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து கூகுள் டாக்ஸில் திறந்தால், படத்துக்குக் கீழே எழுத்து வந்து நிற்கும். தமிழ் அச்சு எழுத்தை நன்றாகவே வாசிக்கும். பெரிய கோப்பைவிட ஓரிரண்டு பக்கங்களாகக் கொடுத்தால் பிழை குறையும்.

ஆங்கில பிடிஎஃப்பில் சிக்கல் வேறு. 10-இன் மேல் குட்டியாக எழுதியிருக்கும் அடுக்கு கீழே இறங்கிவிடும். எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ என்பது 10-19 என்று வந்து, கழித்தல் கணக்கு மாதிரி நிற்கும்.

கையெழுத்து நோட்டைப் போட்டோ எடுத்துக் கொடுப்பதில் எனக்கு இன்னும் பயம் உண்டு. அந்த மாணவி மருந்து அட்டவணை ஒன்றைப் போட்டோ எடுத்து ஓர் ஆப்பில் போட்டு, அழகான கட்டம் போட்ட பக்கமாக மாற்றிக்கொண்டு பிரிண்ட் எடுக்க வந்தாள். எடுத்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் புத்தகத்தோடு திரும்பி வந்தாள். நோட்டில் மைக்ரோகிராம் என்று இருந்த இடத்தில் ஆப் மில்லிகிராம் என்று அடித்திருந்தது. மைக்ரோவைக் குறிக்க அவள் எழுதிய மியூ (µ) என்ற குறியின் வாலை அது கவனிக்காமல் m என்று வாசித்துவிட்டது. ஒரு மில்லிகிராம் என்றால் ஆயிரம் மைக்ரோகிராம். நர்சிங் படிக்கிற பிள்ளைக்கு இது ஒரு மதிப்பெண்ணோடு போகிற விஷயம் இல்லை. அன்றிலிருந்து என் கடைக்கு ஏஐ அட்டவணை பிரிண்ட் எடுக்க யார் வந்தாலும், "எண்ணும் அலகும் சரிபார்த்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பட்டனை அழுத்துகிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது.

மூன்று கேள்வி

இனி முக்கியமான சோதனை. உங்களுக்கு முழுதாகத் தெரிந்த ஒரு பக்கத்தை எடுங்கள். புரியாத பக்கத்தை எடுத்தால் ஆப் சொல்வது சரியா தப்பா என்று உங்களுக்குத் தெரியாது. நாங்கள் எடுத்தது இதயத்தின் நான்கு அறைகள் பற்றிய பக்கம். அதை ஆப்பில் ஏற்றி மூன்று கேள்வி கேட்டோம்.

முதல் கேள்வி, பக்கத்தில் நேராகவே பதில் உள்ளது: இதயத்தில் எந்த அறையின் சுவர் தடிமனானது? இடது வென்ட்ரிக்கிள், அதாவது இடது கீழறை. எல்லா ஆப்பும் சொல்லிவிட்டன.

இரண்டாவது, இரண்டு இடங்களைச் சேர்த்தால்தான் பதில்: அந்தச் சுவர் மட்டும் ஏன் தடிமன்? ஓரிடத்தில் சுவரின் தடிமனும், இன்னோர் இடத்தில் அந்த அறை உடல் முழுக்க இரத்தத்தைத் தள்ளுகிறது என்பதும் இருந்தன. இங்கே இரண்டு ஆப் வழுக்கின. முதல் வரியையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்லின.

மூன்றாவது, பக்கத்தில் இல்லவே இல்லாதது: இரத்த ஓட்டத்தை முதலில் விளக்கி நூல் எழுதியவர் யார்? ஓர் ஆப் உடனே "வில்லியம் ஹார்வி, 1628" என்றது. பதில் சரிதான். அவள் சந்தோஷப்பட்டாள். நான் அந்த ஆப்பைத்தான் முதலில் நீக்கச் சொன்னேன். நாம் கேட்டது "இந்தப் பக்கத்திலிருந்து சொல்" என்று. பக்கத்தை விட்டு வெளியே போனதை அது சொல்லவே இல்லை. இன்று ஹார்வியைச் சரியாகக் கொண்டுவந்தது, நாளை வேறு பாடத்திட்டத்தின் பதிலைக் கொண்டுவரும். எது புத்தகத்தில் இருந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று உங்களால் பிரிக்க முடியாது. "இந்தப் பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை" என்று சொல்கிற ஆப்தான் உங்களுக்கு வேண்டியது.

இந்தச் சோதனையில் நன்றாக நின்றது கூகுளின் நோட்புக்எல்எம். நீங்கள் ஏற்றியதை மட்டும் வைத்துப் பதில் சொல்வதற்காகவே செய்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சின்ன எண் போடும். அதைத் தொட்டால் மூலத்தில் எந்த இடம் என்று காட்டும். இலவசக் கணக்கிலேயே ஒரு நோட்புக்கில் 50 மூலங்கள் வரை ஏற்றலாம், ஒரு பாடத்துக்குத் தாராளம். பாடத்தை இரண்டு பேர் பேசிக்கொள்வது போன்ற ஒலியாகவும் மாற்றித் தரும், தமிழிலும் கேட்கலாம். பஸ்ஸில் கேட்க நன்றாக இருக்கிறது. கேட்டால் படித்துவிட்டோம் என்ற நினைப்பும் வந்துவிடுகிறது, அதில்தான் ஆபத்து.

புரியாததை விளக்க சாட்ஜிபிடியும் ஜெமினியும் போதும். 2025-இல் முதலாவதில் ஸ்டடி மோட், இரண்டாவதில் கைடட் லேர்னிங் என்று வந்தன. விடையை உடனே கொட்டாமல் திருப்பிக் கேள்வி கேட்டு நடத்திக்கொண்டு போகும். எரிச்சலாக இருக்கும். எரிச்சலோடு பயன்படுத்துங்கள்.

உங்கள் புத்தகத்துச் சொல்லைப் பேசுகிறதா?

தமிழ் வழியில் படிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் வேகம் வேறு, திசைவேகம் வேறு. திசைவேகம் மாறும் வீதம் முடுக்கம். இலங்கைப் பாடநூலில் கதி வேறு, வேகம் வேறு, வேகம் மாறும் வீதம் ஆர்முடுகல். இங்கே திசைவேகம் என்பதற்கு அங்கே பெயர் வேகம். ஆக ஒரே "வேகம்" இரண்டு கரையிலும் இரண்டு பொருள். இணையத்தில் இரண்டு தமிழும் கலந்து கிடக்கின்றன. ஏஐ கையில் கிடைத்ததை எடுத்துத் தரும். தேர்வுத் தாள் திருத்துபவர் உங்கள் புத்தகத்துச் சொல்லைத்தான் தேடுவார்.

பாடத்தின் கடைசியில் உள்ள கலைச்சொற்களை ஒரு பக்கமாக ஏற்றி, "இந்தச் சொற்களை மட்டுமே பயன்படுத்து" என்று சொல்லிப் பாருங்கள். நான்கைந்து பதில்களுக்குப் பிறகும் அதே சொல்லில் நிற்கிறதா என்று கவனியுங்கள். பழைய சொல்லுக்கே வழுக்கிப் போகும் ஆப்பை வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டாம்.

ஞாபகத்துக்கு

2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பாடப்பகுதியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, அடுத்த முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இரண்டு முறை படித்தவர்கள்தான் முன்னே. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு ஞாபகம் இருந்தது 42 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். நாற்பது விதச் சுருக்கத்தை என் கடையில் பிரிண்ட் எடுத்துப் படிப்பது முதல் பிரிவில் சேர்த்தி.

அதனால் இரண்டாவது ஆப்பாக, உங்களைக் கேள்வி கேட்கும் ஒன்றை வையுங்கள். ஆன்கி பழையது, 2006-இலிருந்து இருக்கிறது, பார்க்க அழகே இருக்காது. கேள்வி ஒரு பக்கம், பதில் மறுபக்கம் என்று கார்டு போட்டால், மறக்கப் போகிற நேரமாகப் பார்த்துத் திரும்பக் காட்டும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. ஆண்ட்ராய்டில் ஆன்கிட்ராய்ட் என்று தேடுங்கள். பெயரை ஒட்டிப் பிறந்து காசு கேட்கும் ஆப்களும் பிளே ஸ்டோரில் இருக்கின்றன.

கார்டு எழுதித் தரும் வேலையை ஏஐயிடம் கொடுக்கலாம். ஆனால் அது முதலில் எழுதுவது இப்படி இருக்கும்: "இரத்தக் குழாய்களின் வகைகளை விளக்குக." இது கார்டு இல்லை, பத்து மதிப்பெண் கேள்வி. பதில் அரைப் பக்கம் வரும். நீங்கள் "தெரியும் தெரியும்" என்று தள்ளிவிடுவீர்கள். "ஒரு கார்டில் ஒரே கேள்வி, பதில் ஐந்து சொல்லுக்குள், எங்கே குழம்புவார்களோ அதையே கேள்" என்று சொன்னபின் வந்தது இது: "ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைச் சுமக்கும் தமனி எது?" பதில்: நுரையீரல் தமனி. இதுதான் கார்டு. தமனி என்றால் நல்ல இரத்தம் என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் புதிய கார்டுக்கு மேல் வேண்டாம். இருநூறு கார்டை ஒரே இரவில் ஏற்றுபவர்கள் மூன்றாம் நாள் ஆப்பைத் திறப்பதே இல்லை.

எதைப் போடக் கூடாது

கிளினிக்கல் போஸ்டிங் (ஆஸ்பத்திரிப் பயிற்சி) போகிறவர்கள் கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்து ஆப்பில் போடவே கூடாது. நோயாளியின் பெயர், ஐபி (உள்நோயாளி) நம்பர், போன் நம்பர் எதுவும் உங்களுடையது அல்ல. வகுப்புத் தோழர்களின் பெயர்ப் பட்டியல், மதிப்பெண் பட்டியலுக்கும் அப்படியே. சாட்ஜிபிடியில் டேட்டா கன்ட்ரோல்ஸ் என்ற பகுதியில் "இம்ப்ரூவ் த மாடல் ஃபார் எவ்ரிஒன்" என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். பள்ளி மாணவர்கள் அம்மா அப்பாவுக்குத் தெரிந்தே கணக்குத் தொடங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது.

காசு கொடுக்கும் முன்

ஒரு செமஸ்டர் முழுக்க இலவசத்தில் ஓட்டுங்கள். இலவசத்தின் எல்லையை வாரம் இரண்டு மூன்று முறை முட்டினால் மட்டும் காசைப் பற்றி யோசிக்கலாம். 2025-இல் ஏர்டெல்காரர்களுக்குப் பெர்ப்ளெக்ஸிட்டி என்ற ஏஐ ஆப் ஒரு வருடம், ஜியோகாரர்களுக்கு ஜெமினி 18 மாதம், இந்தியாவில் சாட்ஜிபிடி கோ ஒரு வருடம் என்று இலவசங்கள் வரிசையாக வந்தன. அப்படி ஏதாவது கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் தொடங்கும்போதே ஆட்டோபே போடச் சொன்னால், முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகப் போனில் அலாரம் வையுங்கள். ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சப்ஸ்கிரிப்ஷன் பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. குறுஞ்செய்தி வரத்தான் செய்யும். விளம்பர மெசேஜ்களுக்கு நடுவில் அதை யார் பார்க்கிறார்கள்? என் அண்ணன் மகனுக்கு ஏழு நாள் இலவசம் என்று ஓர் ஆப் தந்தது. எட்டாம் நாள் ஒரு வருடச் சந்தா மொத்தமாகப் போய்விட்டது. அண்ணி இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

அப்புறம், உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஒரு குறிப்பை எழுதி, அதைப் பிடிஎஃப்பாகவோ வெறும் எழுத்தாகவோ இறக்கிப் பாருங்கள். காசு கட்டினால்தான் இறக்கலாம் என்று சொன்னால், மூன்று வருட நோட்டை அதற்குள் வைக்காதீர்கள். ஆன்கியில் மொத்தக் கார்டுகளையும் ஒரே கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அந்த மாணவியின் போனில் இப்போது நோட்புக்எல்எம்மும் ஆன்கிட்ராய்டும் இருக்கின்றன. காலேஜ் பஸ்ஸில் இருபது நிமிடம் கார்டு. மருந்துப் பெயரும் அளவும் உள்ள கார்டுகளை மட்டும் புத்தகத்தைப் பார்த்துத் தானே அடிக்கிறாள். போன இன்டர்னலுக்கு முதல் நாள் கடைக்கு வந்து எடுத்தது மூன்றே பக்கம்; ஆறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போனாள். முன்பு இவளிடம் மட்டும் ஒரு தேர்வுக்கு நூறு ரூபாய் வரும்.